வலது இடதானால் விமானம் விழும்!

1947-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி. இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகருக்கு அருகே உள்ள உட்போர்டு விமானத் தளம்.

"டியூடர்" என்ற புது ரக விமானம் ஒன்று சோதனை ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. அதில் ஏறியவர்களில் ஒருவர், ராய் சாட்விக்.

சாட்விக் யார் தெரியுமா? இரண்டாவது உலகப் போரில் ஜெர்மனியைக் கலக்கிய "லங்காஸ்டர்" குண்டு வீச்சு விமானத்துக்கு உருவம் கொடுத்தவர். அந்த ரகத்தில் மட்டும் 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. விமானம் அமைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவர்.

விமானம் ஓடியது. தரையை விட்டுக் கிளம்பியது. சில வினாடிகள்தான் ஆகியிருக்கும். ஒரு பக்க இறக்கை சாய்ந்தது!

விமானி பழுத்த அனுபவசாலி. சாய்ந்த இறக்கையை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. இன்னும் அதிகமாகச் சாய்ந்தது! இறக்கையின் நுனி தரையில் இடித்தது. விமானம் நொறுங்கியது. சாட்விக் உள்பட 4 பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன? என்ஜின் கோளாறா? புயலா? எதுவும் இல்லை.

முதல் நாள் பழுது பார்த்தபோது, இறக்கையை ஆட்டும் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். வலது பக்கம் போக வேண்டிய கட்டளை இடது பக்கம் போயிற்று. அவ்வளவுதான்!

மீண்டும் அதே தவறு

இது பழைய கதை, இந்தக் காலத்தில் நடக்காது என்று எண்ணக்கூடாது.

2018-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி, போர்ச்சுகல் நாட்டில் ஒரு ஜெட் விமானம் பழுது பார்க்கப்பட்டு வெளியே வந்தது. விமானிகளும் மெக்கானிக்குகளுமாக 6 பேர் அதில் இருந்தனர். மேலே கிளம்பியதும் அது குடித்தவன் போலத் தள்ளாடத் தொடங்கியது. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் புரண்டது.

ராணுவ விமானங்கள் துணைக்குப் பறந்து வழிகாட்டின. இரண்டு முறை இறங்க முயன்று முடியாமல், மூன்றாவது முறை பெஜா என்ற ஊரில் ஒருவாறு தரை இறக்கினார்கள். 6 பேரும் உயிர் தப்பியது மறுபிறவி. அங்கும் அதே காரணம்தான். இறக்கைக் கம்பிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன!

71 ஆண்டு இடைவெளி. ஆனால் தவறு ஒன்றே!

பொம்மை அல்ல!

இந்தத் தவறு பெரிய விமானங்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தவெளி மைதானத்தில் ரேடியோ மூலம் பறக்கவிடும் குட்டி விமானத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

குட்டி விமானம் என்றதும் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய விமானத்தில் உள்ள இறக்கை, வால், சுக்கான் எல்லாம் அதிலும் உண்டு. காற்று இரண்டையும் ஒன்றுபோலவே நடத்துகிறது. பெரியது, சின்னது என்று அது பார்ப்பதில்லை!

ஒரே வேறுபாடு, குட்டி விமானத்துக்குள் மனிதன் இல்லை. ஆனால் அதற்குக் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள். ஒன்றேகால் கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்? சொல்லத் தேவை இல்லை.

2013-ம் ஆண்டு செப்டம்பரில், நியூயார்க் நகரில் 19 வயது வாலிபர் ஒருவர் தாம் பறக்கவிட்ட ரேடியோ ஹெலிகாப்டர் தம் மீதே மோதி உயிர் இழந்தார். ஆகவே இது விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டுத்தனமாகச் செய்யும் காரியம் அல்ல.

இரட்டையர் செய்த அதிசயம்

ரேடியோவால் ஒரு பொருளைத் தூரத்தில் இருந்து ஓட்டலாம் என்று முதன் முதலில் காட்டியவர், விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா. 1898-ம் ஆண்டு, நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை ஓட்டிக் காட்டினார்.

படகு தண்ணீரில் நிற்கும். விமானம் ஆகாயத்தில் நிற்குமா? அதற்கு இன்னும் பல ஆண்டு பிடித்தது.

அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தனர். ஒருவருக்கு விமானப் பித்து. மற்றவருக்கு ரேடியோப் பித்து. இரண்டு பித்தும் சேர்ந்தன. 8 அடி இறக்கை கொண்ட ஒரு மாதிரி விமானத்தை 1937-ம் ஆண்டு ரேடியோவால் பறக்கவிட்டனர். அதன் பெயர் "கப்". இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமானக் காட்சிசாலையில் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு வேடிக்கை உண்டு. கையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். அதை ஒரு முறை அமுக்கினால் சுக்கான் வலது பக்கம் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுமுறை அமுக்கினால் இடது பக்கம் திரும்பும். கடைசியாகத் திரும்பியது எந்தப் பக்கம் என்று பறக்கவிடுபவர் மறந்து போனால், விமானம் எதிர்ப் பக்கம் திரும்பும். வலது, இடது குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது!

பிறகு கருவிகள் முன்னேறின. ரேடியோ விமானங்களின் வித்தைப் பந்தயத்தில் உலகப் போட்டி 1960-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்தது. அமெரிக்கரான எட் கஸ்மிர்ஸ்கி அதில் வெற்றி பெற்றார். இன்றுவரை அந்தப் போட்டி நடந்து வருகிறது.

துணிக் கிளிப்பும் சினிமா நட்சத்திரமும்

2005-ம் ஆண்டுக்கு முன்பு, ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் கருவியைப் போட்டால் இரண்டு விமானமும் தடுமாறும். அதனால் மைதானங்களில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் அலைவரிசை எண் எழுதிய துணிக் கிளிப்புகள் மாட்டியிருக்கும். அந்தக் கிளிப்பைக் கையில் எடுத்தவர்தான் அந்த அலைவரிசையில் கருவியைப் போடலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும்.

இப்போது வரும் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலையில் வேலை செய்கின்றன. பல கருவிகள் ஒரே இடத்தில் நிற்காமல், கணத்துக்குக் கணம் அலைவரிசை மாறித் தாவிக்கொண்டே இருக்கும். அனுப்பும் கருவி எங்கே தாவுகிறதோ, விமானத்தில் உள்ள கருவியும் அங்கே தாவும். அதனால் ஒரே மைதானத்தில் பலர் பறக்கவிடலாம்.

இப்படித் தாவும் யோசனைக்கு 1942-ம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹாலிவுட் அழகி ஹெடி லமார்! இசை அமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் அவரும் சேர்ந்து, கடலுக்குள் பாயும் டார்ப்பிடோ குண்டை எதிரி திசை திருப்ப முடியாதபடி ஓட்ட இந்த வழியைச் சொன்னார்கள். பியானோவில் உள்ள கட்டைகளைப்போல 88 அலைவரிசைகள்! போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பெட்டிக்குள் என்ன?

வித்தை விமானங்கள் இப்போது பாதி வேலை முடிந்த நிலையிலேயே பெட்டியில் வருகின்றன. இறக்கை 4 அடி நீளம், எடை ஒன்றேகால் கிலோ என்பது நடுத்தர அளவு.

உடல் பால்சா மரத்தால் ஆனது. தென் அமெரிக்காவில் ஈக்குவடார் நாட்டில் மிகுதியாக வளரும் மரம் அது. கையில் எடுத்தால் மரம் என்றே தோன்றாது. அவ்வளவு லேசு! மேலே கலர் கலராகப் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கும். வெயிலில் அதில் சுருக்கம் விழுந்தால், சிறு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மீண்டும் விறைப்பாகிவிடும்.

சாதாரண விமானத்தின் இறக்கை மேலே வளைந்தும், கீழே தட்டையாகவும் இருக்கும். வித்தை விமானத்தின் இறக்கை அப்படி அல்ல. மேலும் கீழும் ஒரே வளைவு. அதனால் தலைகீழாகப் பறந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இறக்கையின் பின் ஓரத்தில் கதவுபோல் ஆடும் பலகைக்கு ஏலரான் என்று பெயர். விமானம் எந்தப் பக்கம் புரள வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. படுக்கை வாலில் உள்ள பலகை எலிவேட்டர். மூக்கு ஏறுவதும் இறங்குவதும் அதன் கையில். நிமிர்ந்து நிற்கும் வாலில் உள்ளது சுக்கான். வித்தை விமானத்தில் இந்தப் பலகைகள் எல்லாம் மிகவும் அகலம். குச்சியைச் சிறிது அசைத்தாலே விமானம் துள்ளும். கரணம் போட அதுதான் உதவுகிறது. கவிழ்த்துவிடுவதும் அதுதான்!

பசையும் நூலும்

கோப்பதில் முதல் விதி, அவசரம் கூடாது.

வாலை உடலில் ஒட்டும் இடத்தில் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட வேண்டும். பசை தாளில் பிடித்தால் பயன் இல்லை. மரத்தில் பிடிக்க வேண்டும். தாளை அறுக்கும் கத்தி மரத்தைக் கீறிவிட்டால் வந்தது வினை! ஆகாயத்தில் கரணம் போடும்போது அந்தக் கீறலில்தான் வால் ஒடியும். அதனால் அனுபவசாலிகள் கத்தியை ஒதுக்கிவிட்டு, ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் சூட்டுக்கோலின் நுனியால் தாளை உருக்கி எடுக்கிறார்கள்.

வால் கோணல் இல்லாமல் நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு நூல் போதும். வலது இறக்கை நுனியில் இருந்து வலது வால் நுனி வரை அளக்க வேண்டும். பிறகு இடது பக்கம் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இருந்த பிறகே பசை போட வேண்டும். அரை மணி நேரத்தில் இறுகும் எபாக்சி பசை நல்லது. சரி செய்துகொள்ள நேரம் கிடைக்கும்.

பலகைகளை ஆட்டுவது செர்வோ என்னும் சிறு மோட்டார். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். பத்துப் பதினைந்து கிராம் எடை. அதன் கையை மாட்டும் முன் கருவியைப் போட்டு, செர்வோவை நடு நிலைக்குக் கொண்டு வர வேண்டும். அப்படிச் செய்யாமல் மாட்டினால், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடும்.

மோட்டாரைப் பூட்டியதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். மோட்டார் நேராக இல்லாமல் வலது பக்கம் சற்றுத் திரும்பி நிற்கும்! செய்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று எண்ணி அதை நேராக்கிவிடக் கூடாது. விசிறி சுழலும் வேகம் விமானத்தை இடது பக்கம் இழுக்கும். அதை ஈடு செய்யவே மோட்டாரை வலது பக்கம் திருப்பி வைக்கிறார்கள்.

மோட்டாரில் மூன்று வயர்கள் வரும். விசிறி எதிர்ப் பக்கம் சுற்றினால், மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிச் சொருகினால் போதும். சரியாகிவிடும். விசிறியையே முன் பின்னாக மாட்டிவிடுவதும் உண்டு. அதில் எழுத்து அச்சிட்ட பக்கம் முன்னால் தெரிய வேண்டும். இது அடையாளம்.

இரண்டு விரல் சோதனை

எல்லாம் கோத்த பிறகு விமானத்தின் எடை நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தராசு வேண்டாம். இரண்டு ஆள்காட்டி விரல் போதும்.

கூடவே வரும் குறிப்பில், இறக்கையின் முன் ஓரத்தில் இருந்து எவ்வளவு தூரத்தில் எடை நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் இறக்கை அகலத்தில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அந்த இடம் இருக்கும். அங்கே அடியில் விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். விமானம் சமமாக நின்றால் சரி.

மூக்குப் பக்கம் கனமாக இருந்தால் விமானம் சோம்பேறியாகப் பறக்கும். வால் பக்கம் கனமாக இருந்தால் பறக்கவே விடாது. சொன்ன பேச்சைக் கேட்காமல் கவிழும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரி செய்யலாம்.

கட்டை விரல் சொல்லும் உண்மை

இப்போது வருகிறது, சாட்விக்கின் உயிரைக் குடித்த அந்தச் சோதனை!

புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? குச்சியை ஆட்டுகிறார்கள். இறக்கைப் பலகை ஆடுகிறது. "ஆகா, வேலை செய்கிறது" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பலகை ஆடுகிறதா என்பது கேள்வி அல்ல. எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதே கேள்வி!

இன்னொரு தவறும் உண்டு. விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டு பார்ப்பது. அப்படி நின்றால் விமானத்தின் வலது, பார்ப்பவருக்கு இடது ஆகிவிடும். அதனால் எப்போதும் வாலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

குச்சியை வலது பக்கம் தள்ளினால், வலது இறக்கைப் பலகை மேலே எழ வேண்டும். இடது பலகை கீழே இறங்க வேண்டும். குச்சியைத் தன் பக்கம் இழுத்தால், வாலில் உள்ள எலிவேட்டர் மேலே எழ வேண்டும். சுக்கான் குச்சியை வலது பக்கம் தள்ளினால், சுக்கானும் வலது பக்கம் போக வேண்டும்.

இதை மறக்காமல் இருக்க விமானிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். குச்சியைப் பிடிக்கும் கையின் கட்டை விரலை மேலே நிமிர்த்திக்கொள்ள வேண்டும். குச்சியைச் சாய்க்கும்போது கட்டை விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துப் பலகைதான் மேலே எழ வேண்டும்! எழவில்லையா? கருவியில் உள்ள ஒரு சுவிட்சை மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை. ஆகாயத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

விரலைத் தின்னும் விசிறி

இந்தச் சோதனைகளை எல்லாம் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஏன்?

ஓர் அடி நீள விசிறி நிமிடத்துக்கு 8 ஆயிரம் தடவை சுற்றினால், அதன் நுனி மணிக்கு 460 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ரெயிலை விட, காரை விட அதிக வேகம்! அந்த இடத்தில் விரல் பட்டால் விரல் மிஞ்சாது. மின்சார மோட்டார், பெட்ரோல் என்ஜினைப்போல இரைந்து எச்சரிக்காது. குச்சியில் சட்டைக் கை தெரியாமல் பட்டாலும், அடுத்த கணம் சுற்றத் தொடங்கிவிடும்.

அதனால் பேட்டரியை இணைத்துவிட்டால் அந்த விமானத்தை உயிருள்ளதாகவே கருத வேண்டும். விசிறிக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது.

கருவிகளைப் போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கையில் உள்ள கருவியைப் போட வேண்டும். பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது தலைகீழ் வரிசை. விமானம் முதலில்; கைக்கருவி கடைசியில். கட்டளை இடுபவர் இல்லாமல் விமானம் ஒரு கணமும் விழித்திருக்கக் கூடாது!

பேட்டரியும் சாதுவான பொருள் அல்ல. லித்தியம் பாலிமர் வகையில் ஒவ்வொரு அறையும் முழுக்க ஏறும்போது 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கும். சார்ஜ் ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். படுக்கை அறையில், இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய பேட்டரியை, விலையைப் பார்த்து மீண்டும் பயன்படுத்தவும் கூடாது.

மைதானத்தில்

1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் பெரிய குண்டு வீச்சு விமானம் ஒன்று சோதனையின்போது விழுந்து நொறுங்கியது. காற்றில் வால் ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டைக் கழற்றாமல் விமானிகள் கிளம்பிவிட்டதே காரணம். அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை எழுதிப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

குட்டி விமானத்துக்கும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திருகுகள் இறுக்கமா? பேட்டரி நிறைந்திருக்கிறதா? அசையாமல் கட்டியிருக்கிறதா? வலது வலதா, இடது இடதா? ரேடியோ எட்டுகிறதா?

ரேடியோவைச் சோதிக்க, கருவியின் சக்தியைக் குறைக்கும் பொத்தான் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு முப்பது எட்டு தூரம் நடந்து, அங்கிருந்து பலகைகளை ஆட்டிப் பார்க்க வேண்டும். ரேடியோ அறுந்துபோனால் மோட்டார் தானாக நிற்கும்படியும் முன்பே அமைத்துவிட வேண்டும். கைக்கருவியை ஒரு முறை நிறுத்தினால் அது தெரிந்துவிடும். அதற்கும் விசிறி கழற்றியிருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்கு அருகே, வீடுகளுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே பறக்கவிடக் கூடாது. இந்தியாவில் 2021-ம் ஆண்டு வந்த டிரோன் விதிகள், மாதிரி விமானங்களையும் சேர்த்தே எழுதப்பட்டன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆகாயத்தை மூன்றாக அவை பிரித்தன. அரசாங்க வரைபடத்தில் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

முதல் பயணம்

வித்தை விமானம் முதல் பாடத்துக்கு ஏற்றது அல்ல. அது தானாக நிமிராது. எந்தச் சாய்வில் விட்டாலும் அதே சாய்வில் போய்க்கொண்டிருக்கும். சைக்கிள் பழகாதவன் பந்தயக் குதிரை ஏறுவது போன்றது! முதலில் கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பழகலாம். அங்கே எத்தனை தடவை விழுந்தாலும் பசை செலவு இல்லை. பிறகு பயிற்சி விமானம். அதில் இரண்டு கருவிகளை இணைத்து, குருவும் சிஷ்யனும் பறக்கவிடும் வசதி உண்டு. சிஷ்யன் தடுமாறினால், குரு ஒரு சுவிட்சைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார்.

முதல் நாள், பலகைகள் குறைவாக ஆடும்படி கருவியை அமைக்க வேண்டும். காற்றை எதிர்த்துக் கிளம்ப வேண்டும். மேலே போனதும் அவசரப்பட்டு வித்தை காட்டக் கூடாது. ஒரு தவறு செய்து, அதைத் திருத்தப் போய் இன்னொரு தவறு செய்தாலும் தரை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் பிறகுதான் மற்றவை.

இங்கேதான் மறுபடியும் அந்தப் பழைய எதிரி வருகிறான்!

விமானம் விலகிப் போகும்போது வலது வலதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது, அதன் வலது நம் இடது ஆகிவிடுகிறது. கருவியில் தவறு இல்லை. ஆனால் மூளை குழம்புகிறது. புதியவர்களின் விமானம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறது.

இதற்கும் வழி உண்டு. விமானம் எதிரே வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும். சரியும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல! இறக்கை நிமிர்ந்துவிடும். வலது, இடது என்று யோசிக்கவே தேவை இல்லை.

மேல் பக்கம் ஒரு கலர், அடிப்பக்கம் வேறு கலர் பூசுவதும் இதற்காகவே. அழகுக்காக மட்டும் அல்ல.

கரணம்!

ஆகாயத்தில் பெரிய வட்டம் போடுவது முதல் வித்தை. நல்ல வேகத்தில் வந்து, குச்சியை மெல்லத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு எழும். விமானம் முதுகில் கவிழ்ந்து, மறுபக்கம் இறங்கி, தொடங்கிய இடத்துக்கே வரும். உச்சியில் பிடியைச் சற்றுத் தளர்த்தி, இறங்கும்போது மோட்டாரைக் குறைத்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். இல்லாவிட்டால் அது முட்டை!

உருளுவது இரண்டாவது வித்தை. குச்சியை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் விமானம் பீப்பாய்போல் உருளும். தலைகீழாகும்போது மூக்கு தாழும். அப்போது குச்சியை முன்னே தள்ள வேண்டும்.

ஏன் தெரியுமா? தலைகீழாக இருக்கும்போது ஏற்றமும் இறக்கமும் இடம் மாறுகின்றன. தன் பக்கம் இழுத்தால் விமானம் ஏறாது. தரையை நோக்கிப் பாயும்! பயந்தவன் கை தானாகவே குச்சியை இழுக்கும். பயத்தை அடக்கி முன்னே தள்ளத் தெரிந்தவனே வித்தைக்காரன். உயரத்தில் பழகியவனுக்கு அது வரும். தாழ்வில் பழகினால் விமானம் மிஞ்சாது.

மோட்டார் திடீரென்று நின்றுபோனாலும் இதே கதை. மூக்கைத் தூக்கிப் பிடித்துத் தூரத்தை நீட்டலாம் என்று கை துடிக்கும். தூக்கினால் வேகம் போகும். வேகம் போனால் இறக்கை தாங்காது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் காத்து, எதிரே உள்ள வெளியில் நேராக இறக்குவதே புத்திசாலித்தனம். புல்லில் இறங்கிய விமானத்தைத் துடைத்து எடுக்கலாம். செங்குத்தாக விழுந்ததைக் கூடையில்தான் அள்ள வேண்டும்.

ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கும்படி கருவியை வைத்துக்கொள்வது வழக்கம். பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். முதல் முறை இறங்க முடியாவிட்டால் இன்னொரு சுற்று வர அது உதவும்.

ஐந்து நிமிட ஆனந்தம்! அதற்கு முன்னே பல நாள் மேஜை வேலை. இது நஷ்டக் கணக்கு அல்லவா என்று கேட்கலாம். கையால் கோத்த மரத்துண்டு, கண் எதிரே வானத்தில் வட்டம் போட்டு, சொன்னபடி காலடியில் வந்து இறங்கும்போது, கோத்தவர் முகத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

அடுத்த ஞாயிறும் அதே விமானம்தான். அதே கருவிதான். சென்ற வாரம் ஒழுங்காகப் பறந்ததுதான். இருந்தாலும், பழகியவர்கள் வாலுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். கட்டை விரலை நிமிர்த்துகிறார்கள். குச்சியை வலது பக்கம் சாய்க்கிறார்கள்.

வலது பலகை மேலே எழுகிறது.

அதன் பிறகுதான் விமானம் கிளம்புகிறது!